இருபத்து மூன்றாம் ஜோடி

அத்தியாயம் ஒன்பது

போபோடியில் சனிக்கிழமைக் காலை என்றால் குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் துணி அலசி முடித்தாக வேண்டும். அன்றைக்கு லலிதா வாளியைக் குழாயடியில் வைத்தாள், வைத்ததை மறந்தாள், வீட்டுக்குள் வந்து தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு கிராஃப் தாளை முறைக்க ஆரம்பித்தாள். வாளி நிரம்பி வழிந்ததும், பக்கத்து வீட்டுக்காரி மராத்தியில் நாலு வார்த்தை வைததும், மாமியார் மேரியம்மாள் ஓடிப்போய்க் குழாயை மூடியதும் அவள் காதில் ஏறவே இல்லை.

"ஏட்டி, ஊருக்கெல்லாம் தண்ணி தர்மம் பண்ணிட்டு இங்க வந்து படுத்துக் கெடக்க. பரீட்சையா?"

"பரீட்சை இல்லத்தை. திங்கக்கிழமை மேடம்கிட்ட இதைக் காட்டணும்."

"காட்டு. அதுக்கு முன்னால பல்லை விளக்கு."

நடுவில் வந்து உட்காருகிறவர்களுக்காக, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

லலிதா கட்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு ஒப்பந்த டீச்சர். எம்.ஏ. முடித்தால் பெரிய வகுப்பு கிடைக்கும், வேலையும் நிரந்தரமாகும். மலை, ஆறு, மழை, காற்று என்று ஆசையாகப் புவியியலில் போய்ச் சேர்ந்தவளை இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் வந்து கழுத்தைப் பிடித்தது. திட்ட விலக்கம் என்ற பெயரைக் கேட்டாலே அவள் புத்தகத்தை மூடிவிடுவாள். முதல் டெஸ்டில் வாங்கிய மார்க்கை இன்று வரை புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. புருஷன் விஜய் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். அவனும் வற்புறுத்திக் கேட்கவில்லை. அவள் மூக்குச் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்ச் சூடாக வடாபாவ் வாங்கி வந்து நீட்டினான். நல்ல புருஷன் என்று லலிதா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது வீட்டு விஷயம்தான். கல்யாணமாகிப் போன பெண்கள் அம்மா வீட்டுக்கு எத்தனை தடவை வருகிறார்கள்? அதற்கும் தூரத்துக்கும் என்ன சம்பந்தம்? தூரம் ஏற ஏறப் போக்குவரத்து குறையும் என்பது புவியியலில் அரிச்சுவடி. போபோடியின் தமிழ் வீடுகளில் அது எவ்வளவு பலிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் அம்மாவைத் தனியாகக் கேட்டு, பெண்ணைத் தனியாகக் கேட்டு, இரண்டு பதிலையும் ஒத்துப் பார்க்க வேண்டும். கைடு மேடத்துக்கு யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது.

எந்த நாற்பது வீடு என்பதை நம் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. சீட்டுப் போட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். குலுக்கினால் லலிதாவின் சொந்த வீடே வந்து விழுந்தது. அவள் நைசாக அந்தச் சீட்டைத் திருப்பி டப்பாவில் போடப் போனாள். கூடப் படிக்கிற ஷபானா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அரே, ரேண்டம்னா ரேண்டம்தான். பிடிக்காத சீட்டைத் திருப்பிப் போட்டா அதுக்குப் பேரு ஆய்வு இல்ல லலிதா, சீட்டிங்!"

ஷபானாவுக்கு வீட்டில் உருது, தெருவில் தமிழ். கணக்கில் புலி, பிடிவாதத்திலும் அப்படியே. சொந்த வீட்டாரை ஆய்வு செய்கிறவளே பேட்டி காணக் கூடாது என்று மேடம் விதி வைத்திருந்ததால், அந்த ஒரு வீட்டை ஷபானா கேட்டு வருவது என்று ஏற்பாடாயிற்று. மாமியார் மருமகளுக்குத்தான் பதில் சொல்லுவார், ஆய்வுக்குச் சொல்ல மாட்டார் என்பது மேடத்தின் கட்சி.

சரி, சீட்டைத் திருப்பிப் போட லலிதா ஏன் துடித்தாள்? அந்த வீட்டுப் பெண்ணின் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஜெபமணி, விஜய்யின் அக்கா. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆகுர்டி கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் துரைசாமியை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். வேற்று மதத்துப் பையன். மாலையும் கழுத்துமாக வந்து நின்றவளைப் பார்த்து மேரியம்மாள், "இந்த வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். லலிதா இந்த வீட்டுக்கு வாழ வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. நாத்தனாரை அவள் ஒரு பழைய பள்ளிக்கூட போட்டோவில் பார்த்திருக்கிறாள், ரெட்டைப் பின்னல், பாதி முகம். அவ்வளவுதான்.

இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

தாளில் குறுக்கே தூரம், மேலே மாதத்து வரவு. நீலப் புள்ளிகள் அம்மாக்கள், சிவப்புப் புள்ளிகள் பெண்கள். பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவர்கள் மேலே இடதுபக்கம் கும்பலாக நின்றார்கள். நகரத்தின் அந்தப் பக்கம், வானவடிக்குப் போனவர்கள் கொஞ்சம் தள்ளிக் கீழே. சென்னை, கோயம்புத்தூர் போனவர்கள் வலது கோடியில் தரையோடு தரையாக. நடுவே ஒரு கோடு சறுக்குமரம் போல இறங்கியது. அந்தக் கோட்டைத் தானே கணக்குப் போட்டு வரைந்ததில் லலிதாவுக்கு ஒரு கர்வம்.

ஒன்று கவனித்தாள், சிரிப்பு வந்தது. ஏறக்குறைய எல்லா ஜோடியிலும் நீலம் கொஞ்சம் கீழே, சிவப்பு கொஞ்சம் மேலே. மாசம் இரண்டு தடவைதான் வருகிறாள் என்று அம்மா சொல்வாள். மூன்று தடவை போகிறேனே என்று பெண் சொல்வாள். வந்தது போதாது அம்மாவுக்கு, போனது போதும் பெண்ணுக்கு. இதையெல்லாம் எந்தச் சூத்திரத்தில் போடுவது?

ஒரே ஒரு ஜோடி மட்டும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. இருபத்து மூன்று. தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர். அம்மா சொன்னது பூஜ்யம். மகள் சொன்னது மாசம் நாலு. நீலம் அதலபாதாளத்தில், சிவப்பு ஆகாயத்தில், லலிதா பெருமையாக வரைந்த கோடு இரண்டுக்கும் நடுவே புகுந்து போயிற்று.

பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். ஆனாலும் ஷபானா கேட்ட வீடு ஒன்றே ஒன்று. போபோடியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் ஆகுர்டி இருக்கிறது என்பது புவியியல் படிக்காதவர்களுக்கும் தெரியும்.

லலிதா மெதுவாகத் தலையைத் தூக்கி அடுப்படியைப் பார்த்தாள். மேரியம்மாள் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மாசம் நாலு தடவையா? இந்த வீட்டுக்கா? எனக்குத் தெரியாமலா?

*

"பொய் சொல்றாங்கன்னு தோணுதா உனக்கு?" என்று லலிதா கேட்டாள். கட்கி பஜாரில் டீக்கடை வாசலில் இருவரும் ஆளுக்கொரு கிளாஸோடு நின்றார்கள்.

"எனக்கு எதுவும் தோணக் கூடாது. நான் கேட்டேன், அவங்க சொன்னாங்க, எழுதினேன்."

"அவங்க எப்படி இருக்காங்க, ஷபானா? எங்க அவர் மாதிரி இருப்பாங்களா?"

ஷபானா டீயை ஊதினாள். ரொம்ப நேரம் ஊதினாள். ஆறிப்போன டீயை ஏன் ஊத வேண்டும் என்று லலிதாவுக்குப் புரியவில்லை.

"கேள்விப் பாரத்துல மேலே என்ன எழுதியிருக்கோம், நினைவிருக்கா?"

நினைவில்லாமல் என்ன? லலிதாவே நல்ல தமிழில் யோசித்து யோசித்து எழுதியது. 'நீங்கள் சொல்வது ஆய்வுக்கு மட்டுமே பயன்படும். உங்கள் வீட்டாருக்கோ வெளியாருக்கோ தெரிவிக்க மாட்டோம்.' மேடத்துக்கு அர்த்தம் சொன்னபோது அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். அன்றைக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு அந்த இரண்டு வரியும் வாயில் பூட்டுப் போட்டுவிட்டன.

"வெளியாருக்குச் சொல்ல மாட்டோம், சரி. வீட்டாருக்குன்னு நான் ஏன் எழுதித் தொலைச்சேன்?"

"நல்லதுதான் எழுதினே. அது இல்லைன்னா அந்த அக்கா வாயே திறந்திருக்க மாட்டாங்க."

மேடத்துக்கு போன் போட்டார்கள். அவர் இந்தியில் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார். இரண்டு பதில் ஒத்து வராவிட்டால் வழி இரண்டு. காரணம் எழுதி அந்த ஜோடியை நீக்கிவிடலாம். இல்லாவிட்டால் கேட்டவரே மறுபடி போய், பதில் சொன்னவரிடமே, ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லாமல் சரிபார்க்கலாம். திங்கட்கிழமைக்குள் எது முடியுமோ அது.

"நான் சாயங்காலம் ஆன்ட்டியைப் பார்க்க வரேன்" என்றாள் ஷபானா. "வேண்டாம்னா அதுக்குள்ள சொல்லு. தூக்கிடலாம். உன் ஆய்வு, உன் முடிவு."

*

விஜய் அன்று அரை நாள் வேலையோடு வந்துவிட்டான். கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தவனிடம், மேரியம்மாள் மாடியில் துணி காயப்போடப் போன சமயம் பார்த்து, லலிதா குரலைத் தாழ்த்தினாள்.

"ஷபானாவுக்கு உங்க அக்கா நம்பரை யார் கொடுத்தது?"

விஜய் சோற்றைப் பிசைந்தான். பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தான்.

"நாந்தான். யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லித்தான் கொடுத்தேன்."

"இந்த வீட்டுல எல்லாரும் எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கி வச்சிருக்கீங்க! நீங்க பேசுவீங்களா அவங்களோட?"

"கிறிஸ்மஸுக்கு ஒரு போன், அவ பிறந்த நாளைக்கு ஒரு போன். 'அம்மா சாப்பிட்டாளா'ம்பா. 'சாப்பிட்டா'ம்பேன். அதோட சரி. அதுக்கு மேல எனக்கும் தெகிரியம் இல்ல, அவளுக்கும் இல்ல." அவன் நிமிர்ந்து பார்த்தான். "எதுக்குக் கேக்க? ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல. கணக்குல ஒரு புள்ளி ஒத்து வரல."

"எடுத்துப் போட்டுரு. நாப்பதுல ஒண்ணுதானே? அம்மா முன்னால அந்தப் பேச்ச இழுக்காத லலிதா. போன தடவை பேச்சு வந்தப்ப ரெண்டு நாளு பட்டினி கெடந்தா."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவள் லேப்டாப்பைத் திறந்து அந்த வரிசையை நீக்கிப் பார்த்தாள். கோடு இன்னும் அழகாக இறங்கியது. தூரத்துக்கும் வரவுக்கும் இருந்த உறவு இன்னும் கெட்டியானது. மேடம் பார்த்தால் புருவம் உயர்த்திப் பாராட்டுவார், பெரிய வகுப்பு, நிரந்தர வேலை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. புள்ளியியலே தெரியாத பெண் என்று தன்னைப் பற்றி இத்தனை நாள் நினைத்தவளுக்கு அந்த அழகு கொஞ்சம் போதை ஏற்றத்தான் செய்தது.

ஆனால் எடுத்துப் போட்டது யாரை? இந்த வீட்டில் ஆறு வருஷமாக எல்லாரும் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிற அதே ஜெபமணியை. இப்போது நானும் சேர்ந்துகொண்டு, காரணமும் எழுதி, கையெழுத்தும் போடுவதா? நீக்கிய வரிசையைத் திரும்பக் கொண்டுவந்தாள். நீலம் கீழே போயிற்று, சிவப்பு மேலே போயிற்று.

ஷபானாவுக்கு ஒரு வரி அனுப்பினாள். "வா."

*

சாயங்காலம் ஷபானா வந்ததும் மேரியம்மாள் அவளுக்கு முறுக்கு எடுத்து வைத்தார். லலிதா பையைத் தூக்கிக்கொண்டு, "நான் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கிட்டு வந்துடுறேன்த்தை" என்று கிளம்பினாள். பேட்டி நடக்கும்போது அவள் வீட்டில் இருக்கக் கூடாதே.

"இரு" என்றார் மேரியம்மாள்.

"இல்லத்தை, நான் இருக்கக் கூடாது..."

"உக்காருங்கேன்." அவர் ஷபானாவைப் பார்த்தார். "நீ அன்னைக்கு வந்து கேட்டயில்லா, அதையேதான் மறுபடியும் கேக்கப் போற. அப்படித்தான?"

ஷபானா தலையை ஆட்டினாள். "சில வீட்டுல ரெண்டாவது தடவையும் கேக்கறோம் ஆன்ட்டி. சரிபார்க்க."

"அப்பம் இவ கேக்கட்டும்."

"நான் கேக்கக் கூடாதுத்தை. மேடம் விதி. நான் கேட்டா நீங்க எனக்காகச் சொல்லுவீங்கன்னு..."

"ஆமா, உனக்காகத்தான் சொல்லுவேன். நாலு வருஷமா என் பக்கத்துலயே இருந்து, என் காலுக்குத் தைலம் தேய்ச்சுவிட்டவளுக்குச் சொல்லாம, ரோட்டுல போறவளுக்கா சொல்லுவேன்? அன்னைக்கு இந்தப் புள்ள கேட்டுச்சு. நல்ல புள்ளதான். ஆனா அதுகிட்ட என்னால வாயத் தொறக்க முடியல. வரலன்னு சொல்லிட்டேன். கேக்கதுன்னா நீ கேளு. இல்லன்னா ரெண்டு பேரும் முறுக்கத் தின்னுட்டு எந்திரிங்க."

லலிதா ஷபானாவைப் பார்த்தாள். ஷபானா பாரத்தின் ஓரத்தில், 'இந்தப் பதில் ஆய்வாளர் நேரில் கேட்டது' என்று குறித்துவிட்டு, கேள் என்று கண்ணைக் காட்டினாள். விதியை மீறினால் மீறினதாக எழுதிவிட வேண்டும், அதுவும் ஒரு விதி. லலிதா பையைக் கீழே வைத்தாள். அடுப்படி வாசலில் விஜய் வந்து நின்றது அவளுக்குத் தெரிந்தது. அவன் அவளைப் பார்த்து வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தான்.

நாற்பது வீட்டில் நாற்பது அம்மாக்களுக்கான கேள்வி. எழுதிய அவளுக்கே வாயில் வரவில்லை.

"உங்க மக... கல்யாணத்துக்கு அப்புறம்... மாசத்துல எத்தனை தடவை உங்களைப் பார்க்க வராங்க?"

விஜய் மூச்சைப் பிடித்துக்கொண்டான். மேரியம்மாள் கோபப்படவில்லை. மடியில் கிடந்த கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

"வாரதுன்னா எதும்மா? வீட்டுக்குள்ள வந்து, செருப்பக் கழட்டி, சாப்பிட்டு, வெத்தலை போட்டுட்டுப் போனாத்தான் வாரதா? அத நீங்க பாரத்துல எழுதலியே."

லலிதா திகைத்துப் போனாள். எழுதவில்லைதான். வரவு என்றால் என்ன என்று முதல் பக்கத்திலேயே வரையறுக்க வேண்டும் என்று வகுப்பில் ஒரு வாரம் படித்தார்கள். தெரியாத விஷயமா அது, அம்மா வீட்டுக்கு வருவது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று அந்தப் பத்தியை அவள் தள்ளிவிட்டாள்.

"நீங்களே சொல்லுங்கத்தை. உங்களுக்கு எது வாரது?"

"எனக்கா?" மேரியம்மாளின் குரல் கரகரத்தது. "ஞாயித்துக்கெழமை கோயில்ல நாம முன்னால ரெண்டாவது வரிசைல உக்காருவோம்லா. அவ கடைசி வரிசைல வந்து உக்காருவா. முதல் பாட்டு முடிஞ்ச பொறவு வருவா. ஆசீர்வாதம் சொல்லுததுக்கு முன்னால எந்திரிச்சுப் போயிருவா."

"நீங்க பார்த்தீங்களா?"

"திரும்பிப் பாத்ததே இல்ல. எதுக்குப் பாக்கணும்? பெத்தவளுக்குக் குரல் தெரியாதா? எல்லாரும் ஒரு மாதிரி பாடுனா இவ மட்டும் கடைசி அடிய ஒரு இழு இழுத்துட்டுத்தான் விடுவா. சின்னப் புள்ளைலயே அப்படித்தான். பாஸ்டர் ஐயாகிட்ட எத்தன தடவ வசவு வாங்கியிருக்கா." சிரிப்பு வந்தது அவருக்கு, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. "நான் திரும்பிப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா ரோஷத்துல வராம நின்னுருவா. என் வயித்துல பொறந்தவ, எனக்குத் தெரியாதா. அதான் கழுத்து வலிச்சாலும் திரும்புறதில்ல."

லலிதா இந்த நாலு வருஷமும் அந்த இரண்டாவது வரிசையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வாரம்கூட அவளுக்கு ஒன்றும் தெரிந்ததில்லை. விஜய்யை என்ன சொல்வது, அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை என்பது ஆட்டுக்கறிக் கடை வரிசையில்தான்.

"அம்மா" என்றான் அவன், அடுப்படி வாசலிலிருந்து.

"வாசப்படிய மிதிக்காதன்னு நான் சொன்னது இந்த வீட்டு வாசப்படிய. கோயில் வாசப்படிய நான் சொல்லல. அவ என் பேச்ச மீறவும் இல்ல, என்னப் பாக்காம இருக்கவும் இல்ல." மேரியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தார். "அன்னைக்குப் பூஜ்யம்னு சொன்னேன்லா, அத அடிச்சிரு. நாலுன்னு போடு."

ஷபானாவின் பென்சில் நின்றுவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், சட்டென்று குனிந்துகொண்டார்கள்.

மேரியம்மாள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவளும் அதத்தான் சொன்னாளாக்கும்?"

"சொல்லக் கூடாதுத்தை" என்றாள் லலிதா. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "சத்தியமா சொல்லக் கூடாது."

"சொல்லாத. நான் எதுவும் கேக்கல." அவர் லலிதாவின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "அழாத. மூஞ்சி வச்சிருக்க லட்சணத்துக்கு நீ ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். விஜய் வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான்.

அப்புறம் மேரியம்மாள் வேறு குரலில் பேசினார்.

"ஆனா போன ரெண்டு ஞாயித்துக்கெழமையா சத்தத்தக் காணும்."

லலிதா தோளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"முதல் வாரம் சளி பிடிச்சிருக்கும்னு நெனச்சேன். ரெண்டாவது வாரமும் இல்ல. பாட்டு முடியுது, அந்த இழுப்பு வரல. திரும்பிப் பாத்திரலாமான்னு துடிச்சுப் போச்சு. ஆறு வருஷத்துல அவ இப்படி நின்னதில்ல, கேட்டயா? பேறுகாலமா, நோயா, அந்தத் தம்பிக்கு ஏதாவதா, ஒரு எழவும் தெரியல. நான் யார்ட்டப் போய்க் கேப்பேன்?" அவர் ஷபானாவின் பக்கம் திரும்பினார். "நீ அவ வீட்டுக்குப் போனயாம்மா? நேர்ல பாத்தியா? நல்லா இருக்காளா?"

ஷபானா பென்சிலைப் பாரத்தின் மேல் வைத்தாள். டீக்கடையில் ஆறிப்போன டீயை அவள் ஏன் அத்தனை நேரம் ஊதினாள் என்பது லலிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பெண்ணுக்கு என்னவோ தெரியும். காலையிலிருந்தே தெரியும்.

"ஆன்ட்டி, நான் வாக்குக் கொடுத்துட்டேன்" என்றாள் ஷபானா. அவளுடைய கண்ணும் நிரம்பியிருந்தது. "என்னைக் கேக்காதீங்க. ஆனா..."

"ஆனா?"

"போய்ப் பாருங்க. இன்னிக்கே போங்க."

மேரியம்மாள் எழுந்தார், அலமாரியைத் திறந்தார், கோயிலுக்கு உடுத்தும் வெள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். விஜய் அண்ணாந்து லலிதாவைப் பார்த்தான். பெரிய ஆம்பளை, தொழிற்சாலையில் பத்துப் பேரை மேய்க்கிறவன், திருவிழாவில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி விழித்தான்.

"எந்திரிங்க" என்றாள் லலிதா. "லோக்கல் ரயில் எத்தனை மணிக்குன்னு பாருங்க. அக்காவுக்கு போன் பண்ணாதீங்க. போன் பண்ணினா வேண்டாம்பாங்க."

அவன் செல்போனைத் தேடிக்கொண்டு ஓடினான். சேலையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்த மேரியம்மாள், ஷபானாவுக்கு வைத்த முறுக்கில் பாதியை ஒரு டப்பாவில் அள்ளினார். மீதியை அவள் பக்கமே தள்ளிவைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்படி வரைக்கும் போனவர், அங்கேயே நின்று திரும்பினார்.

"ஏட்டி லலிதா. பொண்ணு அம்மாவப் பாக்க வாரதுக்குத்தான கணக்கு எழுதுத? நான் இப்பம் போறேனே. இத உன் பாரத்துல எந்தக் கட்டத்துல போடுவ?"

லலிதா குனிந்து பாரத்தைப் பார்த்தாள். மாசக்கணக்கில் எழுதி, அடித்து, திருத்தி, மேடத்திடம் மூன்று தடவை காட்டி ஒப்புதல் வாங்கிய பாரம். பஸ்ஸில் வந்தாளா, ரயிலில் வந்தாளா, பிள்ளைகளைக் கூட்டி வந்தாளா, இரவு தங்கினாளா, எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. நாற்பது வீட்டிலும் பெண்தான் வர வேண்டும். ஒரு வீட்டிலாவது அம்மா எழுந்து போவாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அதுக்குக் கட்டமே இல்லத்தை" என்றாள்.

"அப்பம் நீயே கோடு போட்டு ஒரு கட்டம் வரைஞ்சு வை" என்று சொல்லிவிட்டு, மேரியம்மாள் வாசல்படியைத் தாண்டி இறங்கினார்.